சுண்டெலிக்குக் குணமானால் அப்பாவுக்கும் குணமாகுமா?

புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய் ஆராய்ச்சியில் விலங்குகளின் பங்கு குறித்து தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்கள் கேட்டவற்றுக்கு விலங்கு நோயியல் ஆய்வாளரின் பதில்கள்.

பாலக்கோடு மாணவி: சுண்டெலிக்கு இந்த நோய் தானாக வருமா ஐயா?

வராது என்றே சொல்லலாம் அம்மா. அதனால் நோயாளியின் கட்டியிலிருந்து வளர்த்த செல்களை அதற்குள் செலுத்துகிறார்கள். சாதாரண எலியின் உடம்பு அந்நியச் செல்லை அழித்துவிடும். ஆகவே நோய் எதிர்ப்புச் செல்களை வளர்க்கும் தைமஸ் சுரப்பி இல்லாமல் பிறக்கும் மயிரற்ற எலிதான் வேண்டும். விலாப்பக்கத் தோலுக்கடியில் ஊசி போட்டு, புடைப்பு வளர வளர காலிபர் என்ற அளவுகருவி வைத்து நீளமும் அகலமும் குறிப்பார்கள். இன்னொரு வழி, மரபணுவை மாற்றி எலியின் சொந்தப் புராஸ்டேட்டிலேயே கட்டி வரச் செய்வது. 1995இல் வந்த 'ட்ராம்ப்' எலி அந்த வகை. அமெரிக்க அதிபருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!

ஓசூர் வாசகர்: எலிக்கும் பிஎஸ்ஏ பரிசோதனை உண்டா?

பிஎஸ்ஏ என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். அதை உண்டாக்கும் மரபணுவே எலிக்குக் கிடையாது. ரத்தத்தில் பிஎஸ்ஏ தென்பட்டால், உள்ளே வைத்த மனிதச் செல் சுரந்தது.

காவேரிப்பட்டணம் ஆடு வளர்ப்பவர்: நாய்க்கு வருமா?

வரும். மனிதருக்குப் போலவே எலும்புக்கும் பரவும். எலிகளில் அப்படி எலும்புக்குப் பரவுவது அரிது. கிடாவுக்குக் காயடிப்பவருக்கு அடுத்தது எளிதில் விளங்கும். விதையை எடுத்தால் ஆண் ஹார்மோன் குறையும், புராஸ்டேட் சுருங்கும். வீங்கிய சுரப்பி இப்படிச் சுருங்குவதை நாய்களிடம் கண்ட அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ், நோயாளிகளுக்கு விதை நீக்கம் பலன் தருவதை 1941இல் வெளியிட்டார். 1966இல் நோபல் பரிசு பெற்றார். வேடிக்கை என்னவென்றால், நாய்க்கு வரும் புற்றுநோய் பெரும்பாலும் ஆண் ஹார்மோனை நம்பி வளர்வதில்லை. காயடித்த நாய்க்கே அதிகம் வருகிறது.

பென்னாகரம் வாசகர்: ஒரு மூலிகைச் சாறு எலியின் கட்டியைக் கரைத்ததாக வாட்ஸ்அப்பில் வந்தது. அப்பாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஹார்மோன் ஊசியை நிறுத்திவிட்டு அதைக் கொடுக்கலாமா?

ஆண் ஹார்மோனைக் குறைக்கும் அந்த ஊசியை நிறுத்தவே நிறுத்தாதீர்கள் தம்பி. எந்த எலி என்று முதலில் கேளுங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத, 25 கிராம் எடையுள்ள எலியின் தோலுக்கடியில் இருந்த கட்டி சுருங்கியிருக்கலாம். அப்பாவின் கட்டி இருக்கும் இடம் வேறு, பரவும் விதம் வேறு, அவர் சாப்பிடும் மற்ற மாத்திரைகளும் உண்டு. எலிக்குச் செறிவான சாற்றை ஊசியில் ஏற்றினார்களா, வாய்வழி கொடுத்தார்களா என்பதைக்கூட அந்தச் செய்திகள் சொல்வதில்லை. எலியில் வென்று மனிதரிடம் தோற்ற மருந்துகள் ஏராளம். ஏற்கெனவே சாறு கொடுத்திருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்த ஊசிக்குப் போகும்போது அந்தப் பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள்.