நாற்பதில் மூன்று

வணக்கம் சார்,

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். 'பிள்ளைகளைத் தப்புச் செய்ய விடுங்கள், தோற்றுக் கற்கட்டும்' என்று பயிற்சிகளில் சொல்கிறார்கள். சரி, செய்து பார்ப்போம் என்று பத்தாம் வகுப்பில் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) நடத்தும் முன் இரண்டு விவசாயிகளுக்கு ஐந்து நாள் கிடைத்த தக்காளிப் பெட்டி விலையைப் போர்டில் எழுதினேன். ஒருவருக்கு 280, 300, 320, 290, 310. இன்னொருவருக்கு 100, 500, 300, 150, 450. யாருக்கு விலை நிலையாக இருந்தது என்பதை ஒரே எண்ணால் காட்டச் சொன்னேன். சூத்திரம் சொல்லவில்லை. பீரியட் முழுக்கப் போயிற்று. பாதிப் பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மாணவி எழுதுவதும் ரப்பரால் அழிப்பதுமாக இருந்து, கடைசியில் தாளே கிழிந்துவிட்டது. யாருக்கும் விடை வரவில்லை. மறுநாள் ஒரு அப்பா வந்து, "டீச்சர் சொல்லித் தராம பசங்களையே போடச் சொல்றீங்களாமே" என்று கேட்டார். அரையாண்டு வேறு நெருங்குகிறது. இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வருமா சார்?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சருக்கு,

அந்த அப்பா கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்று சொல்வதற்கு முன்னால் என் மாமா தோட்டத்துக்குப் போய்விட்டு வருகிறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கம் மாமாவுக்கு மாங்கன்று நர்சரி. பள்ளியில் படிக்கும்போது ஓர் ஆடி மாதம் நானும் ஒட்டுக் கட்டுகிறேன் என்று கிளம்பினேன். கொட்டையிலிருந்து வளர்ந்த கன்றின் தலையை வெட்டி, நடுவில் பிளந்து, பெங்களூரா ரக மாமரத்துக் குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். பார்க்க எளிது. நாற்பது கட்டினேன். மூன்று துளிர்த்தன. மீதி முப்பத்தேழும் ஒரே மாதிரி கருகி நின்றன. அவற்றிலிருந்து நான் கற்றது எனக்குக் கைராசி இல்லை என்பது மட்டும்தான்.

அங்கே வேலை செய்த பெரியவர் ஒருவர் செத்த கன்றுகளைக் குப்பையில் கொட்ட விடவில்லை. என்னை உட்கார வைத்து ஒவ்வொன்றாக நாடாவை அவிழ்த்தார். "இதப் பாரு, கத்தி நடுங்கியிருக்கு" என்றார். சீவிய முகம் அலை அலையாக இருந்தது, உள்ளே சந்து. அடுத்ததில் குச்சி கன்றைவிட மெலிசு. அதை நான் அழகாக நட்டநடுவில் செருகியிருந்தேன். பட்டைக்கு அடியில் இருக்கும் பச்சைப் படலம் ஒரு பக்கமாவது ஒன்றையொன்று தொட வேண்டும். இதில் இரண்டு பக்கமும் தொடவில்லை. ஓரமாகத் தள்ளிச் செருகியிருந்தால் பிழைத்திருக்கும். இன்னொன்றில் கட்டு தளர்ந்து மழைத்தண்ணீர் இறங்கி, பிரித்ததும் அழுகல் நாற்றம். "எல்லாம் செத்துச்சுதான் தம்பி, ஆனா ஒவ்வொண்ணும் வேற வேற சாவு" என்றார்.

'தோல்வியே வெற்றிக்கு முதல் படி' என்று எழுதாத பள்ளிச் சுவர் நம் பக்கத்தில் குறைவு. எனக்கு அந்த வாசகத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. வெறுமனே தோற்றவன் வெறுமனே தோற்றவன்தான். நம் பரீட்சை செய்வதும் அதைத்தான். பத்துக்கு நான்கு என்று சிவப்பு மையில் போட்டுக் கொடுக்கிறோம். எல்லாச் சாவுக்கும் ஒரே எண். கத்தி நடுங்கியதா, தண்ணீர் இறங்கியதா, அந்தப் பிள்ளைக்குத் தெரிவதே இல்லை.

இப்போது உங்கள் வகுப்புக்கு வருகிறேன். முதல் நாள் நடந்ததை விவரமாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாள்களை மறுநாள் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. நேராகச் சூத்திரத்துக்குப் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் நாடாவை அவிழ்க்காமல் கன்றுகளைக் குப்பையில் போட்டுவிட்டீர்கள். அந்த அப்பாவின் பக்கம் இருக்கும் நியாயம் இதுதான்.

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் ஆய்வு செய்து, இப்போது சூரிச்சில் இருக்கும் மனு கபூர் 2008-இல் 'பயனுள்ள தோல்வி' என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். பின்னால் அவர் செய்த சோதனைகளில் நீங்கள் எடுத்த அதே திட்ட விலக்கம் வருகிறது. முதலில் மாணவர்கள் சேர்ந்து முட்டி மோதுவார்கள். பிறகு ஆசிரியர் அவர்களுடைய அரைகுறை விடைகளையே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றும் எங்கே நிற்காமல் போகிறது என்று காட்டி, அங்கிருந்து சரியான முறைக்குப் போவார். சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுப்பதில் இவர்களும், முதலிலேயே சூத்திரம் சொல்லித் தரப்பட்ட மற்றவர்களும் ஏறக்குறைய சமம். ஏன் அப்படி என்ற புரிதலிலும், புதுக் கணக்கை எதிர்கொள்வதிலும் முட்டி மோதியவர்கள் முந்தினார்கள். பாதிப் பேர் சும்மா இருந்ததாகச் சொன்னீர்களே, அடுத்த முறை மூன்று மூன்று பேராக உட்கார வையுங்கள். தனியாகத் தப்புச் செய்யத்தான் கூச்சம்.

உங்கள் தக்காளிக் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். நல்ல கணக்கு. இரண்டு பேருக்கும் சராசரி 300. ஒரு பையன் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 40, 400 என்று சொல்லியிருப்பான். தப்பில்லை, அது வீச்சு. அவனிடம் மூன்றாவது ஒரு விவசாயியைக் கொடுங்கள்: 100, 300, 300, 300, 500. வீச்சு அதே 400. ஆனால் இவருக்கு மூன்று நாள் விலை அசையவே இல்லையே? அங்கே அவன் முறை விழும். இன்னொரு மாணவர் ஒவ்வொரு நாளும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று எடுத்துக் கூட்டியிருப்பார். முதல் ஆளுக்கு −20, 0, 20, −10, 10. கூட்டினால் பூஜ்யம். இரண்டாம் ஆளுக்கும் பூஜ்யம். யாருக்குப் போட்டாலும் பூஜ்யம்தான். இந்தப் பூஜ்யத்தில் திகைத்து நிற்கிற பிள்ளைக்குத்தான் வர்க்கப்படுத்துவது எதற்கு என்று புரியும். எதிர்க்குறி போகிறது, பெரிய விலகலுக்குக் கனமும் கூடுகிறது. அந்த வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம் எடுத்து, கடைசியில் முதல் ஆளுக்கு 14-க்குச் சற்று மேல், இரண்டாம் ஆளுக்கு 158 என்று வரும்போது அது வெறும் எண்ணாக இருக்காது.

அப்புறம், அந்த அப்பாவின் பயம். அதைச் சிரித்துத் தள்ள முடியாது. நம் இரண்டு மாவட்டத்திலும் பத்தாவதில் தவறிய பெண்ணுக்கு வீட்டில் அடுத்த பேச்சு பல நேரம் கல்யாணம்தான். பையன் என்றால் பெங்களூருக்குக் கட்டட வேலை. பொதுத்தேர்வில் தோற்றுக் கற்கிற வசதி இவர்களுக்கு இல்லை. தோற்பதையெல்லாம் உங்கள் வகுப்பிலேயே, மதிப்பெண் போடாத நோட்டில் தோற்றுவிடட்டும். அரையாண்டுக்கு முன் எல்லாப் பாடத்துக்கும் இதைச் செய்ய நேரம் இருக்காது. எது புரியாமலே மனப்பாடம் ஆகிறதோ, அப்படி இரண்டு மூன்று இடம் போதும்.

ரப்பரை மட்டும் வாங்கி வைத்துவிடுங்கள். ஒற்றைக் கோடு போட்டு அடிக்கட்டும், அடித்தது கண்ணுக்குத் தெரியட்டும்.

தாள் கிழிய அழித்தாளே, அந்தப் பெண்ணிடம் அங்கே என்ன எழுதியிருந்தாள் என்று கேட்டீர்களா? பூஜ்யமாக இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.