ஹஷிமோட்டோ, கிரேவ்ஸ்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கோவை, 34 வயது: டாக்டர், டி.எஸ்.எச். 6.8 இருக்கிறது. ஆன்டி டி.பி.ஓ. 640. அது 35க்குள் இருக்க வேண்டுமாமே, எப்படிக் குறைப்பது?

டி.எஸ்.எச். என்பது தைராய்டை வேலை வாங்க மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன். தைராய்டு தளர்ந்தால் அது ஏறும். ஆன்டி டி.பி.ஓ. என்பது ஹஷிமோட்டோ நோயில் தைராய்டுக்கு எதிராக உண்டாகும் ஆன்டிபாடி. அந்த 640-ஐக் குறைக்கப் பாடுபட வேண்டாம். தைராய்டு செல்லுக்குள் ஹார்மோன் தயாராக உதவும் நொதிதான் டி.பி.ஓ. நோயெதிர்ப்பு அணுக்கள் அதை அந்நியப் பொருளாக எடுத்துக்கொண்டு சுரப்பிக்குள் வந்து தங்கிவிடுகின்றன. வருடக்கணக்கில் திசு கொஞ்சம் கொஞ்சமாக அழிகிறது. அழிப்பதில் பெரும்பங்கு நோயெதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையான டி செல்களுக்கு. ரத்தத்தில் தெரியும் ஆன்டிபாடி, உள்ளே அந்தத் தாக்குதல் நடக்கிறது என்பதற்கான அடையாளம். 1912-ல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ, அறுவை செய்து எடுத்த நான்கு பெண்களின் தைராய்டுகளை நுண்ணோக்கியில் பார்த்தார். நிணநீர் அணுக்கள் அவற்றில் கூட்டம் கூட்டமாக இருந்தன. உடலே தன்னைத் தாக்குவதால் வருவது இது என்று புரிய 1956 ஆனது.

ஏன் உங்களுக்கு என்றால், பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. அம்மா, பெரியம்மா, அக்கா யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள், அளவு மீறிய அயோடின், சில மருந்துகள் இதைத் தூண்டிவிடலாம். நீங்கள் எதையோ தப்பாகச் சாப்பிட்டு வந்தது இல்லை.

சிகிச்சை ஆன்டிபாடியைப் பார்த்து இல்லை, ஹார்மோனைப் பார்த்து. டி.எஸ்.எச். 10-ஐத் தாண்டினால் பொதுவாகத் தைராய்டு ஹார்மோன் மாத்திரையான லிவோதைராக்சின் தொடங்குவோம். 6.8 என்றால் இரண்டு மூன்று மாதம் கழித்து, தைராய்டு சுரக்கும் ஹார்மோனின் அளவான ஃப்ரீ டி4-உடன் மறுபடி பாருங்கள். இங்கிலாந்தின் விக்கம் ஊர் மக்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், டி.எஸ்.எச். ஏறி, ஆன்டிபாடியும் இருந்த பெண்களில் ஆண்டுக்கு 100 பேரில் சுமார் 4 பேருக்கு முழுத் தைராய்டுக் குறைபாடு வந்தது. அதனால் பயம் வேண்டாம், பரிசோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். குழந்தைக்குத் திட்டமிருந்தால் காத்திருக்காமல் இப்போதே மருத்துவரைப் பாருங்கள்.

திருச்சி: தைராய்டு மாத்திரை போட்ட கையோடு காபி குடிக்கலாமா?

கூடாது. காபி மருந்தை உறிஞ்சவிடாது. எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி. காலையில் சரிப்படவில்லை என்றால் இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் போடலாம். நூறு மாத்திரை பாட்டிலை அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைக்காதீர்கள். சூடும் ஈரமும் அதற்கு ஆகாது.

துபாயிலிருந்து, 29 வயது: கிரேவ்ஸுக்கு (உடலே தூண்டிவிட்டுத் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய்) ஐந்து வாரமாக, சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் சாப்பிடுகிறேன். இரண்டு நாளாகத் தொண்டை வலி, 102 டிகிரி காய்ச்சல். பாராசிட்டமால் போதுமா?

போதாது தம்பி. அடுத்த வேளை கார்பிமசோலைப் போடாதீர்கள். இப்போதே அவசரப் பிரிவுக்குப் போய், "கார்பிமசோல் சாப்பிடுகிறேன், வெள்ளையணு எண்ணிக்கை பாருங்கள்" என்று சொல்லுங்கள். ஆயிரத்தில் ஓரிருவருக்கு இந்த மருந்து, கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோபில் வெள்ளையணுக்களை அடியோடு குறைத்துவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில்தான். அந்த நிலையில் சாதாரணக் கிருமியும் உயிரை வாங்கும். மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள் என்று எல்லோரிடமும் மன்றாடுகிறவள் நான். நீங்களாகவே நிறுத்துங்கள் என்று சொல்வது இந்த ஒன்றுக்குத்தான்.

திருநெல்வேலி: டாக்டரம்மா, அயோடின் உப்பு வந்த பிறகுதான் வீட்டுக்கு வீடு தைராய்டு. நாங்கள் இந்துப்புக்கு மாறிவிட்டோம். டாக்டர்கள் ஏன் இதை மறைக்கிறீர்கள்?

மறைக்க ஒன்றுமில்லை அண்ணாச்சி. நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. டென்மார்க்கில் 2000-ல் உப்பில் அயோடின் கட்டாயமான பிறகு தைராய்டுக் குறைபாடு ஓரளவு கூடியது. சீனாவில் அயோடின் அதிகமாகக் கிடைத்த பகுதியில் ஹஷிமோட்டோ வகை நோய் கூடுதலாக இருந்ததை 2006-ல் வெளியான ஆய்வு காட்டியது. மீதிப் பாதியையும் கேளுங்கள். இமயமலை அடிவாரக் காங்ரா பள்ளத்தாக்கில் 1950-களில் கழுத்துக் கழலை சர்வ சாதாரணம். அயோடின் உப்பு கொடுத்துப் பார்த்த இடங்களில் அது சரசரவெனக் குறைந்தது. கர்ப்பத்தில் அயோடின் கிடைக்காத குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். அதைப் பிறகு எந்த மாத்திரையாலும் மீட்க முடியாது. ஹஷிமோட்டோவுக்கு மாத்திரை இருக்கிறது.

அதே அண்ணாச்சி: காங்ரா மலைநாடு. நமக்குக் கடல் இருக்கிறதே?

கடலில் இருக்கிறது, உப்பளத்து உப்பில் இல்லை. வெயிலில் காய்ந்து வரும் உப்பில் மிஞ்சும் அயோடின் மிகச் சொற்பம். இந்துப்பிலும் அப்படித்தான். மீன் சாப்பிடுகிற வீட்டுக்கு ஓரளவு கிடைக்கும். சைவ வீட்டுக் கர்ப்பிணிக்கு எங்கிருந்து வரும்?

சேலம்: எனக்கு ஏற்கெனவே ஹஷிமோட்டோ. அயோடின் உப்பை நிறுத்திவிடவா?

வேண்டாம். ஒரு கிலோ உப்பில் 15 மில்லிகிராம் அயோடின் என்றால் நாள் ஒன்றுக்கான 5 கிராமில் வெறும் 75 மைக்ரோகிராம். இதயத் துடிப்புக்குத் தரும் அமியோடரோன் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 75 மில்லிகிராம், அதாவது ஆயிரம் மடங்கு. அந்த மாத்திரை சாப்பிடுபவர்கள்தான் தைராய்டை விடாமல் பார்க்க வேண்டும். கடற்பாசி மாத்திரை, "தைராய்டு சப்போர்ட்" டப்பாக்களைத் தொடாதீர்கள். உப்புக்கு இத்தோடு போதும், இன்னும் பலர் காத்திருக்கிறார்கள்.

தஞ்சாவூர்: ஆன்டி டி.பி.ஓ. 900. குறைக்க என்ன சாப்பிட வேண்டும்?

கோவைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

ஈரோடு: முட்டைக்கோஸ் தைராய்டுக்கு ஆகாதாமே?

வேகவைத்துத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

வேலூர்: ஆன்டிபாடி 1,200...

கோவை. தயவுசெய்து அந்தப் பரிசோதனைக்கு மாதாமாதம் காசு செலவழிக்காதீர்கள்.

சென்னை, 41 வயது: திடீரென்று டி.எஸ்.எச். குறைவு, டி4 அதிகம். கிரேவ்ஸ் என்கிறார்கள். படபடப்பு, எடை குறைவு எதுவும் இல்லை. முடி கொட்டுவதற்கு ஒரு மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன்.

அதில் பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கிறதா பாருங்கள். பல ஆய்வகக் கருவிகளில் பயோட்டின் டி.எஸ்.எச்.-ஐக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் பொய்யாகக் காட்டும். குறைந்தது இரண்டு நாள், டோஸ் அதிகம் என்றால் இன்னும் சில நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். அதுவும் அப்படியே வந்தால் கிரேவ்ஸை உறுதிசெய்யும் டி.எஸ்.எச். ரிசெப்டர் ஆன்டிபாடி பாருங்கள். அதற்கு முன் கார்பிமசோல் தொடங்க வேண்டாம்.

நாகர்கோவில்: மூலிகை மருந்து எடுப்பதால் லிவோதைராக்சினை நிறுத்திவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறேன்.

இந்த ஹார்மோனின் பாதி குறையவே ஒரு வாரம் ஆகும். அதனால் முதல் சில வாரம் எல்லோரும் நன்றாகத்தான் இருப்பார்கள். மாத்திரையை நாளையே தொடங்குங்கள், ஆறு வாரத்தில் டி.எஸ்.எச். பாருங்கள். இதில் பழக்கமாகிவிடும் என்ற பயத்துக்கு இடமில்லை. உங்கள் சுரப்பி தர முடியாததைத்தான் அது தருகிறது.

புதுச்சேரி: கழுத்தில் கட்டி, ஊசி பரிசோதனையில் சந்தேகம் என்கிறார்கள்.

தைராய்டு அறுவை சிகிச்சை நிபுணரை இந்த வாரமே பாருங்கள்.

மதுரை, 27 வயது: லிவோதைராக்சின் 75 சாப்பிடுகிறேன். இன்று காலை வீட்டுப் பரிசோதனையில் இரண்டு கோடு. அடுத்த செக்கப் மூன்று வாரம் கழித்து.

வாழ்த்துகள் அம்மா. மூன்று வாரம் காத்திருக்காமல் இன்றே உங்கள் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். குழந்தையின் தைராய்டு வேலையைத் தொடங்க மூன்று மாதம் ஆகும், அதுவரை உங்கள் ஹார்மோன்தான் அதற்கும். வாரத்துக்கு ஏழு மாத்திரைக்குப் பதில் ஒன்பது என்று ஏற்றுவது வழக்கம், அப்படிச் செய்யலாமா என்று கேளுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச்., 2.5க்குக் கீழே இருக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரை தந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், காலை மாத்திரையோடு சேர்க்காதீர்கள்.