மாடல் ரயில் கேள்வி – பதில்: எல்லா வண்டியும் அம்பையில் போய் ஏன் மாட்டிக்கொள்கிறது?

இந்த இதழில், பலர் ஒன்றாகக் கூடி கால அட்டவணைப்படி வண்டி ஓட்டும் 'ஆபரேட்டிங் செஷன்' பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: மச்சு அறையில் எச்.ஓ. அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) லேஅவுட் போட்டிருக்கிறேன். மெயின் லைன் 20 மீட்டர். திருநெல்வேலி, அம்பாசமுத்திரம் (அம்பை), தென்காசி, செங்கோட்டை என்று நாலு ஸ்டேஷன். செங்கோட்டைக்கு அப்பால், பலகைக்குப் பின்னால் இருக்கிற மறைவு யார்டுதான் கொல்லம். அம்பையிலும் தென்காசியிலும் ஒரு மெயின், ஒரு லூப் (வண்டி ஒதுங்கி நிற்கும் பக்கத்து லைன்). லூப் 160 செ.மீ. தனியாக ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. போன மாதம் நண்பர்கள், மைத்துனர் என்று மொத்தம் எட்டுப் பேர் சேர்ந்து ஒன்பது வண்டி விட்டோம். அரை மணி நேரத்தில் எந்த வண்டியும் எந்தப் பக்கமும் நகர முடியாமல் போய்விட்டது. எங்கே தவறு?
– பாளையங்கோட்டை வாசகர்

பதில்: உங்கள் தண்டவாளத்தில் தவறில்லை, வண்டிக் கணக்கில்தான் தவறு. அம்பையின் இரண்டு லைனிலும் தென்காசி போகிற வண்டிகள் நிற்கின்றன. தென்காசியின் இரண்டு லைனிலும் அம்பைக்கு வருகிற வண்டிகள் நிற்கின்றன என்று வையுங்கள். யாருக்கும் போக இடமில்லை. ஒற்றை லைனில் இந்த முடிச்சு விழுந்துவிட்டால், வண்டியைக் கையால் தூக்கித்தான் அவிழ்க்க வேண்டும்.

உங்கள் லேஅவுட்டில் க்ராசிங் ஸ்டேஷன் (எதிரெதிர் வண்டிகள் ஒன்றையொன்று கடக்கும் இடம்) இரண்டு, லைன் மொத்தம் நாலு. ஆகவே திருநெல்வேலி யார்டுக்கும் செங்கோட்டைக்கும் நடுவே ஒரே நேரத்தில் மூன்று வண்டிக்கு மேல் இருக்கவே கூடாது. எங்காவது ஒரு லைன் எப்போதும் காலியாக இருக்கும். அந்தக் காலி லைன்தான் எல்லோரையும் நகர்த்துகிறது. நாலாவது வண்டி எவ்வளவு தாமதமானாலும் யார்டிலேயே காத்திருக்கட்டும். முதல் செஷனுக்குப் போக இரண்டு பாசஞ்சர், வர இரண்டு பாசஞ்சர், ஒரு கூட்ஸ் என ஐந்து வண்டி போதும். ஒன்பது வண்டி என்பது நாலைந்து செஷன் பழகிய பிறகு யோசிக்க வேண்டியது.

அடுத்தது லூப்பின் நீளம். ஐ.சி.எஃப். (பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை) பெட்டி ஒன்று பஃபரோடு சேர்த்து நிஜத்தில் சுமார் 22.3 மீட்டர், 1:87 அளவில் 25.6 செ.மீ. டீசல் எஞ்சினுக்குச் சுமார் 20 செ.மீ. நிறுத்துவதில் முன்பின் ஆவதற்கு இரு முனையிலும் 10 செ.மீ. விட வேண்டும். ஆறு பெட்டி வண்டிக்கு 194 செ.மீ. தேவை, உங்களிடம் 160தான் இருக்கிறது. ஐந்து பெட்டிக்கே 168 ஆகிவிடும். நாலு பெட்டியோடு நிறுத்துங்கள், 143 செ.மீ.க்குள் அடங்கிவிடும். ஒரு முக்கியமான விஷயம்: 160 என்பது பாயிண்டிலிருந்து (லைன் பிரியும் இடம்) பாயிண்டுக்கு அளந்ததா, ஃபவுலிங் மார்க்கிலிருந்து அளந்ததா? பாயிண்டுக்கு அப்பால் இரண்டு லைனிலும் ஒவ்வொரு பெட்டியை வைத்து, பாயிண்டை நோக்கி மெல்லத் தள்ளுங்கள். இரண்டும் எங்கே உரசுகின்றனவோ, அங்கிருந்து 2 செ.மீ. பின்னால் ஸ்லீப்பரில் வெள்ளைக் கோடு போடுங்கள். அதுதான் ஃபவுலிங் மார்க். லூப்பின் நிஜ நீளம் அந்தக் கோட்டிலிருந்துதான் ஆரம்பம்.

கால அட்டவணையை வெறும் எண்களாக எழுதாதீர்கள். ரயில்வே கண்ட்ரோலில் முன்பு வைத்திருந்ததுபோல கிராஃப் தாளில் சார்ட் போடுங்கள். படுக்கைவாட்டில் நேரம், செங்குத்தில் ஸ்டேஷன்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. எதிரெதிர் வண்டிகளின் கோடுகள் ஒரு ஸ்டேஷன் கோட்டின் மேல் வெட்டினால் அங்கே க்ராசிங். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே வெட்டினால் அது நேருக்கு நேர் மோதல். ஒரு வண்டியைப் பிடித்து நிறுத்திக் கோட்டை நகர்த்துங்கள். பென்சிலில் திட்டம், அன்று நடந்ததைப் பேனாவில். அடுத்த செஷனை எங்கே திருத்துவது என்று அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியே காட்டிவிடும்.

எட்டுப் பேருக்கும் வேலை இருக்கிறது. கண்ட்ரோலர் ஒருவர் (மறைவு யார்டும் அவர் பொறுப்பு), திருநெல்வேலி யார்டுக்கு ஒருவர், அம்பைக்கும் தென்காசிக்கும் ஒவ்வொரு ஸ்டேஷன் மாஸ்டர், டிரைவர்கள் மூன்று பேர். எட்டாவது ஆள் பழுது பார்ப்பவர். தடம் புரண்டால் அவரைத் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது. ஆளாளுக்குக் கை நீட்டினால் பக்கத்து லைன் வண்டியும் கவிழும்.

கேள்வி: ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் (இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவிலுள்ள லைன்) ஒரு மரக்குச்சியை டோக்கனாக வைத்து ஓட்டுகிறோம். குச்சி கையில் இருந்தால்தான் டிரைவர் போகலாம். ஆனால் ஒரே திசையில் அடுத்தடுத்து இரண்டு வண்டி வந்தால், குச்சி அந்தப் பக்கம் போய்விடுகிறது, இரண்டாவது வண்டி இந்தப் பக்கம் மாட்டிக்கொள்கிறது. கையால் கொண்டுவந்து கொடுப்பது சரியா?
– தென்காசி வாசகர்

பதில்: சரியில்லை. ஒருமுறை கையால் கொண்டுவர ஆரம்பித்தால், வண்டி செக்‌ஷனில் இருக்கும்போதே யாராவது கொண்டுவந்துவிடுவார்கள்.

நம் ஊர் ஒற்றை லைன்களில் இதற்காகத்தான் நீல்ஸ் பால் டோக்கன் கருவி வந்தது. இரு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு கருவி. இரண்டிலும் பல உலோக உருண்டைகள். இரண்டும் மின்சாரத்தால் பூட்டப்பட்டவை. ஓர் உருண்டை வெளியே இருக்கும்வரை இரண்டு பக்கமும் அடுத்தது வராது. அந்த உருண்டையைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி டிரைவரிடம் நீட்டுவார்கள். உருண்டைகள் பல இருப்பதால், ஒரே திசையில் எத்தனை வண்டி போனாலும் சிக்கல் இல்லை.

வீட்டில் அந்தக் கருவி வேண்டியதில்லை; இன்னும் பழைய முறையான குச்சியும் சீட்டும் போதும். இரண்டு வண்டி தொடர்ந்து போக வேண்டுமானால், முதல் டிரைவரிடம் குச்சியைக் காட்டி, கையில் எழுதிய சீட்டை மட்டும் கொடுக்க வேண்டும். குச்சியைக் கண்ணால் பார்க்காமல் சீட்டை வாங்கக் கூடாது. முதல் வண்டி முழுசாக வந்து சேர்ந்துவிட்டது என்று எதிர் ஸ்டேஷன் போனில் சொன்ன பிறகு, இரண்டாவது டிரைவர் குச்சியை எடுத்துக்கொண்டு போகலாம். குச்சி 15 செ.மீ. இருக்கட்டும், செக்‌ஷனுக்கு ஒரு நிறம், இரண்டு ஸ்டேஷன் பெயரும் எழுதியிருக்கட்டும்.

'முழுசாக' என்று சொன்னதில்தான் உயிர் இருக்கிறது. மாடலில் கப்ளிங் கழன்று, கடைசி இரண்டு வேகன் குகைக்குள் நின்றுவிடுவது சாதாரணம். எஞ்சின் வந்துவிட்டதே என்று லைன் க்ளியர் (அடுத்த வண்டி வரலாம் என்ற அனுமதி) கொடுத்தால், அடுத்த வண்டி அந்த வேகனில் போய் மோதும். நிஜ ரயிலில் கடைசிப் பெட்டியில் 'எல்.வி.' (லாஸ்ட் வெஹிக்கிள்) பலகை மாட்டுவது இதற்குத்தான். நீங்களும் மஞ்சள் அட்டையில் நகம் அளவுக்கு ஒன்று வெட்டி, கடைசி வேகனில் ஒட்டுங்கள். அதைப் பார்க்காமல் ஸ்டேஷன் மாஸ்டர் 'வந்தாச்சு' என்று சொல்லக் கூடாது.

கேள்வி: ஃபாஸ்ட் க்ளாக் (செஷனுக்காக வேகமாக ஓடவிடும் கடிகாரம்) 4 மடங்கு வைப்பதா, 6 மடங்கு வைப்பதா?
– வள்ளியூர் வாசகர்

பதில்: மணிக்கு 45 கி.மீ. என்பது எச்.ஓ. அளவில் விநாடிக்குச் சுமார் 14.4 செ.மீ. 7 மீட்டர் செக்‌ஷனைக் கடக்க 49 விநாடி ஆகும். 6 மடங்குக் கடிகாரத்தில் அது கிட்டத்தட்ட 5 நிமிடம், 4 மடங்கில் 3¼ நிமிடம். ஓட்டத்தை மட்டும் பார்த்தால் 6 அழகு. ஆனால் ஷண்டிங் வேகமாகாது. ஐந்து வேகன் பிரித்துச் சேர்க்க நிஜத்தில் 10 நிமிடம் ஆனால், 6 மடங்கில் ஒரு மணி நேரம் போய்விடும். போனில் லைன் க்ளியர் கேட்கும் 20 விநாடிகூட 2 நிமிடமாகும். கூட்ஸ் வேலை இருந்தால் 4 வையுங்கள். கடிகாரம் ஒன்றே ஒன்று, எல்லோர் கண்ணிலும் படும்படி.

கேள்வி: எங்கள் வீட்டுக்காரரும் பையனும் ஓட்டுகிறார்கள். கூட்ஸ் வண்டி சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு வேகனுக்கும் போகும் இடம் குறிக்கிற சீட்டு முறை உண்டாமே, அதை எப்படிச் செய்வது? எழுதும் வேலை என் பொறுப்பு.
– அம்பாசமுத்திரம் வாசகி

பதில்: முதலில் உங்கள் லேஅவுட் எந்தக் காலம் என்று முடிவு செய்யுங்கள். இன்று கூட்ஸ் என்றால் முழு ரேக் (பிரிக்காத முழு வண்டி). ஒரே சரக்கு, ஒரே இடம். ஒவ்வொரு வேகனாகக் கழற்றி மாட்டும் சுகம் வேண்டுமென்றால், எண்பதுகளுக்கு முந்திய மீட்டர் கேஜ் காலத்துக்குப் போக வேண்டும். அன்று சின்ன ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டிலும் ஒன்றிரண்டு வேகன் நிற்கும்.

மணிலா அட்டையை 10 × 6 செ.மீ.க்கு வெட்டி, அடியில் 3 செ.மீ. மடித்து ஒட்டினால் பை ஆகிவிடும். வேகனுக்கு ஓர் அட்டை: எண், வகை, நிறம். பையில் செருக ஒரு சீட்டு, இரண்டு பக்கத்திலும் தலைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என நாலு பயணம். மூடு வேகனுக்கு உதாரணம்: 1) தூத்துக்குடி உப்பு, செங்கோட்டை கூட்ஸ் ஷெட்டுக்கு. 2) காலி, அம்பைக்கு. 3) அம்பை அரிசி, கொல்லத்துக்கு. 4) காலி, திருநெல்வேலி யார்டுக்கு. தாழையூத்து சிமெண்டுக்கு ஒரு சீட்டு, செங்கோட்டை மரத்துக்குத் திறந்த வேகனில் ஒரு சீட்டு என்று சேர்த்துக்கொண்டே போகலாம்.

சீட்டைத் திருப்புவது செஷன் முடிந்த பிறகுதான். அதுவும் போய்ச் சேர்ந்த வேகனுக்கு மட்டும். நடுவில் திருப்பினால், வைத்த வேகனை உடனே எடுக்கச் சொல்லும். இன்னொன்று, ஐந்து வேகன் கொள்ளும் சைடிங்கில் (வேகன் நிறுத்தும் கிளை லைன்) மூன்றுதான் இருக்க வேண்டும். நிரம்பிய சைடிங்கில், வந்த வேகனை வைக்க முதலில் நாலு வேகனை வெளியே இழுக்க வேண்டியிருக்கும். மெயின் லைன் அடைபடும்.

பின்னோக்கித் தள்ளும்போது தடம் புரண்டால் எடையைப் பாருங்கள். அமெரிக்காவின் என்.எம்.ஆர்.ஏ. (தேசிய மாடல் ரயில் சங்கம்) எச்.ஓ. அளவுக்குப் பரிந்துரைப்பது 28 கிராம், அதோடு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 14 கிராம். 12.5 செ.மீ. வேகனுக்குச் சுமார் 98 கிராம் வரும். இரும்பு வாஷர்களை வேகனின் தரையில், முடிந்த அளவு தாழ்வாக ஒட்டுங்கள்.

கேள்வி: கடற்காற்றுக்குத் தண்டவாளம் கறுத்துவிடுகிறது. எஞ்சின் திக்கித் திக்கிப் போகிறது. உப்புத் தாள் போட்டுத் தேய்க்கலாமா?
– தூத்துக்குடி வாசகர்

பதில்: கூடவே கூடாது. கீறல் விழுந்தால் அழுக்கு அதில் தங்கி, முன்னைவிடச் சீக்கிரம் கறுக்கும். பஞ்சுத் துணியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்தால் போதும். சக்கரத்தை மறந்துவிடுகிறார்கள்: நனைத்த துணியைத் தண்டவாளத்தின் மேல் போட்டு, எஞ்சினின் ஒரு போகியை (சக்கரத் தொகுதி) துணியிலும் மற்றொன்றைத் தண்டவாளத்திலும் வைத்துப் பிடித்துக்கொண்டு ஓடவிடுங்கள். துணியில் விழும் இரண்டு கறுப்புக் கோட்டைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். வேகன்களில் பிளாஸ்டிக் சக்கரம் இருந்தால் உலோகத்துக்கு மாற்றுங்கள்.

உப்புக் காற்றில் முதலில் கெடுவது தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புத் தகடுதான். பார்வைக்குச் சேர்ந்திருக்கும், மின்சாரம் போகாது. தகட்டை நம்பாமல், ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் அடியிலிருந்து ஒரு வயர் சால்டர் செய்யுங்கள்.

கேள்வி: ஒருவர் பாயிண்டை மாற்றாமல் ஓட்டினால் ஷார்ட் ஆகி, எல்லோர் வண்டியும் நின்றுவிடுகிறது. டி.சி.சி. (ஒரே தண்டவாளத்தில் பல எஞ்சினைத் தனித்தனியாக ஓட்டும் டிஜிட்டல் முறை) 5 ஆம்பியர்.
– கடையநல்லூர் வாசகர்

பதில்: லேஅவுட்டை மூன்று, நாலு பகுதியாகப் பிரியுங்கள்; இரண்டு தண்டவாளத்திலும் வெட்டு விட வேண்டும். பகுதிக்கு ஒரு டி.சி.சி. சர்க்யூட் பிரேக்கர் வைப்பது நல்லது. செலவு கூடும் என்றால், காரின் பிரேக் விளக்கு பல்பு, 12 வோல்ட் 21 வாட், பகுதிக்கு ஒன்று தொடர் இணைப்பில் போடுங்கள். ஷார்ட்டான பகுதியின் பல்பு மட்டும் எரியும், மற்றவர்கள் ஓட்டிக்கொண்டே இருக்கலாம். பல்பு நன்றாகச் சுடும். தெர்மோகோல், பிளாஸ்டிக் பக்கத்தில் வைக்காதீர்கள்.

மேஜைக்கு அடியில் ஓடும் முக்கிய வயர் 2.5 சதுர மி.மீ. இருக்கட்டும். பிறகு பல்பு இல்லாமல் ஒரு சோதனை: பூஸ்டரிலிருந்து (தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் கருவி) மிகத் தூரமான இடத்தில் ஐந்து ரூபாய் நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். பூஸ்டர் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வயர் போதவில்லை. அந்த ஷார்ட்டில் 5 ஆம்பியரும் ஓடி, சக்கரமும் பிளாஸ்டிக்கும் உருகும்.

கேள்வி: நடுவில் கரண்ட் போய்விட்டால்?
– சங்கரன்கோவில் வாசகர்

பதில்: கடிகாரத்தை நிறுத்துங்கள். பூஸ்டர் சுவிட்சை அணையுங்கள். கரண்ட் திரும்பும்போது வோல்டேஜ் ஏறி வரும். எல்லா த்ராட்டிலும் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) சுழிக்கு வரட்டும். டோக்கன் யார் கையில் இருந்ததோ அவர் கையிலேயே இருக்க வேண்டும். கண்ட்ரோலர் டார்ச் அடித்து, எந்த வண்டி எந்தச் செக்‌ஷனில் நிற்கிறது என்று சார்ட்டில் குறித்துக்கொள்வார். கரண்ட் வந்ததும் அவர் ஒவ்வொரு வண்டியாகக் கூப்பிட்ட பிறகே நகர்த்துங்கள்.