மூன்றாவது கையைப் பார்க்கவைப்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

பன்னிரண்டு ஆண்டுகளாகப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். புதிதாகத் தொடங்கவிருக்கும் ஒரு தனியார் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவுக்குத் தலைமையேற்க அழைத்திருக்கிறார்கள். பள்ளிக் குழுக்களுக்குச் சுற்றிக்காட்டுவதும் வழிகாட்டிகளைப் பயிற்றுவிப்பதும்தான் பணி என்றார்கள். சென்ற ஆண்டு என் எட்டாம் வகுப்பு மாணவர்களைச் செப்புத்திருமேனிகள் பார்க்க அழைத்துச் சென்றேன். அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு வாசலில் ஐஸ்கிரீம் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். இதற்கென்று ஒரு பிரிவும் தலைவரும் வேண்டுமா? நல்ல குறிப்புப் பலகை போதாதா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

உங்கள் மாணவர்கள்மேல் குற்றமில்லை. நின்றுகொண்டே பார்ப்பது கடினமான உடலுழைப்பு. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் இதை 1916இல் ஒரு கட்டுரையில் காட்டினார். காட்சிப்பொருட்களைப் பற்றிய சில கேள்விகளுக்கு ஒருவரை விடை தேடச் சொல்லி, அவர் பேழைகளுக்கு முன்னால் குனிந்தும் மண்டியிட்டும் கழுத்தைத் திருகியும் படும் பாட்டைப் புகைப்படங்களாக வெளியிட்டார். கண் நன்றாகத் தெரிந்த, அருங்காட்சியகங்களுக்குப் பழகிய ஆளுக்கே அந்தக் கதி. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பார்வையாளருடன் நடந்து பொருளின் அருகில் நின்று பேச ஆட்களை அமர்த்தி, 'டோசென்ட்' என்ற பெயரை அருங்காட்சியக உலகத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அதாவது பலகை போதாது என்பது நூறாண்டுகளுக்கு முன்பே தெரிந்த சேதி.

ஆனால் ஆளைப் போட்டுப் பேசவைத்தால் தீர்ந்துவிடுமா? நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1980களில் பிலிப் யெனவைன் கல்விப் பிரிவின் தலைவராக இருந்தபோது, அங்கு நடந்த வகுப்புகளை மதிப்பிட அபிகெய்ல் ஹௌசன் என்ற ஆய்வாளரை அழைத்தார்கள். வகுப்புகளைப் பார்வையாளர்கள் ரசித்தார்கள். சொல்லித்தந்ததில் மனதில் தங்கியதோ மிகக் குறைவு. அந்த ஏமாற்றத்திலிருந்து இருவரும் சேர்ந்து உருவாக்கிய முறை மூன்று கேள்விகளில் அடங்கும். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்? இன்னும் என்ன தெரிகிறது? நடத்துபவர் தகவல் எதுவும் தருவதில்லை. சொன்னவரின் விரல் நீளும் இடத்தைத் தானும் சுட்டிக்காட்டி, சொன்னதை வேறு சொற்களில் திருப்பிச் சொல்கிறார், அவ்வளவுதான். இரண்டாவது கேள்விதான் இதன் உயிர்நாடி. வகுப்பறையில் நாம் அநேகமாகக் கேட்காத கேள்வியும் அதுதான்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவெண்காட்டு அர்த்தநாரியை நினைத்துக்கொள்ளுங்கள். பதினோராம் நூற்றாண்டின் அந்தத் திருமேனிக்கு முன்னால் மாணவர்களை அமரவைத்து (நிற்கவைத்து அல்ல; கில்மனை மறக்கவேண்டாம்) கைகளை எண்ணச் சொல்லுங்கள். வலப்புறம் இரண்டு, இடப்புறம் ஒன்று. மூன்று என்று யாராவது சொன்னதும் அடுத்தவன் எழுந்து பின்னால் போய்ச் சரிபார்ப்பான். ஆடை ஒரு காலில் தொடையோடு நிற்பதையும் மறுகாலில் கணுக்கால்வரை இறங்குவதையும் இன்னொருத்தி கண்டுபிடிப்பாள். சோழர் காலம், வெண்கலம், இத்தனை சென்டிமீட்டர் என்று தொடங்கியிருந்தால் அந்த மூன்றாவது கை அவர்கள் கண்ணில் பட்டிருக்காது.

இருந்தாலும் மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. இந்தத் திருமேனிகள் பட்டும் பூவும் சாத்தி, பீடத்தில் தண்டு கோத்துத் தோளில் சுமந்து, வீதியில் உலா வருவதற்காக வார்க்கப்பட்டவை. கோயிலில் கும்பிட்டவர்கள் கண்டது பெரும்பாலும் முகத்தையும் கைகளையும்தான். நாம் கூடத்தில் காண்கிற இடையும் முழங்காலும் அவர்களுக்குத் துணிக்குள் மறைந்திருந்தன. எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் பொருளே இதைச் சொல்லாது, யாராவது சொல்லத்தான் வேண்டும். எதைப் பார்வையாளரே கண்டடைய விடுவது, எதை நாம் சொல்வது, எந்த இடத்தில் சொல்வது என்று முடிவெடுப்பதுதான் உங்களை அழைத்திருக்கும் பணியின் சாரம். சுற்றிக்காட்டுவது அதில் ஒரு சிறு பகுதி.

அந்த முடிவுகள் பலகையில் மட்டும் இல்லை, பீடத்தின் உயரத்திலும் இருக்கின்றன. பத்து வயதுப் பிள்ளையின் கண் எந்த மட்டத்தில் வரும், சிலையைச் சுற்றிவர வழி உண்டா, எதிரில் ஒரு பெஞ்சு இருக்குமா, செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பும் பாட்டியைக் காவலர் எப்படி நடத்துவார் என்பதெல்லாம் கல்விப் பிரிவின் கவலைகளே. பொருட்களைப் பராமரித்துக் காட்சியை அமைக்கும் காப்பாட்சியர் எல்லாவற்றையும் தீர்மானித்து, சிமெண்டும் காய்ந்தபின் "கொஞ்சம் எளிமையாக எழுதிக்கொடுங்கள்" என்று உங்களிடம் தாளை நீட்டினால், அதற்குமேல் நீங்கள் செய்யக்கூடியது சொற்களைச் சுருக்குவது மட்டுமே. காப்பாட்சியர்களைக் குறைசொல்லவில்லை, நாற்பது ஆண்டுகள் ஒரு பொருளோடு வாழ்ந்தவருக்கு, அதை முதன்முதலாகப் பார்ப்பவரின் திகைப்பு மறந்துபோவது இயல்பு. உங்களுக்கு அது மறக்காமலிருக்க, பன்னிரண்டு ஆண்டுகள் எட்டாம் வகுப்போடு இருந்த பழக்கம் உதவும்.

ஆகவே சேருவதற்கு முன் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கூடத்தைத் திட்டமிடும் முதல் கூட்டத்தில் எனக்கு நாற்காலி உண்டா? "லேபிள் எழுதும் சமயத்தில் கூப்பிடுகிறோம்" என்று பதில் வந்தால், பள்ளியில் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்க அவசரப்படாதீர்கள்.