கட்டையில் அத்தப்பூ: வட்டம் ஏன் படிக்கட்டாகிறது?

தக்கலை பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மூணாம் வகுப்பு படிக்கிற மகள், இந்த ஓணத்துக்கு லெகோ மாதிரி கட்டைகளிலேயே அத்தப்பூ, அதாவது ஓணப் பூக்கோலம், போட்டு சுவரில் மாட்டணும்னு அடம் பிடிக்கிறாள். கட்டைகளைப் பொருத்தும் அடித்தகடு, பேஸ்பிளேட், பத்து அங்குலத்தில் ஒன்று இருக்கிறது. ஆனால் வட்டம் வரவே மாட்டேன் என்கிறது, படிக்கட்டு மாதிரி நிற்கிறது. எத்தனை துண்டு வேண்டும்? மாட்டும்போது உதிராமல் இருக்க சூப்பர் க்ளூ போடலாமா?"

க்ளூவை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். அந்தப் பசையின் ஆவி பட்டாலே பளபளப்பான பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி ஒரு படலம் வந்துவிடும், அடுத்த வருஷம் அதே கட்டையில் வேறு எதுவும் செய்யவும் முடியாது. நல்ல கட்டை என்றால் அதன் பிடியே போதும். மாட்டுவதற்கு முன் மெத்தை மேல் தலைகீழாகப் பிடித்து இரண்டு முறை உலுக்கிப் பாருங்கள், விழுகிற துண்டை மட்டும் மாற்றினால் சரி.

இனி வட்டம். கட்டையின் மேலே இருக்கும் குமிழ்களில் ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததின் நடுவரை 8 மில்லிமீட்டர். உங்கள் பத்து அங்குலத் தகட்டில் வரிசைக்கு 32 குமிழ், மொத்தம் 1,024. இது அச்சு அசலாக நேர்ப்புள்ளிக் கோலத்துக்குப் போட்ட புள்ளிதான், ஆனால் இங்கே புள்ளியைச் சுற்றி வளைத்து இழுக்கக் கோலமாவு கிடையாது, புள்ளியை நிரப்ப மட்டும்தான் முடியும். அதனால் படிக்கட்டு வரத்தான் செய்யும், அதை ஒழிக்க முடியாது. படிகள் நான்கு பக்கமும் ஒரே மாதிரி இறங்கினால் கண் அதை வட்டம் என்று ஒத்துக்கொள்ளும், ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தால் உடனே கோணலாகத் தெரியும். நான் முதல் தடவை சாப்பாட்டுத் தட்டைத் தாளில் கவிழ்த்து வரைந்து, அதை வைத்துக் கண்ணளவில் அடுக்கினேன். முடித்துவிட்டுப் பார்த்தால் கொழுக்கட்டை.

கண்ணளவை விட்டுவிட்டு எண்ணிக்கையை வைத்துக்கொள்ளுங்கள். 16 குமிழ் அகல வட்டத்துக்கு, மேலிருந்து வரிசை வரிசையாக 6, 10, 12, 14, 14, அப்புறம் ஆறு வரிசை 16, பிறகு அப்படியே திரும்பி 14, 14, 12, 10, 6. மொத்தம் 208. அதற்குள் 12 அகல வட்டம் 4, 8, 10, 10, நான்கு வரிசை 12, பிறகு 10, 10, 8, 4. அதற்குள் 8 அகலம்: 4, 6, நான்கு வரிசை 8, 6, 4. நட்டநடுவில் 2, 4, 4, 2. எல்லா வரிசையும் நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் சமமாக வர வேண்டும், அவ்வளவுதான். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் மகளையே வண்ணப் பென்சிலால் தீட்டச் சொல்லுங்கள், கட்டையைத் தொடுவதற்கு முன்பே தப்பு தெரிந்துவிடும்.

இப்போது துண்டுக் கணக்கும் தானாக வந்துவிட்டது, ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் அதன் உள்வட்டத்தைக் கழித்தால் வளையம். நடுவில் தும்பைக்கு வெள்ளை 12, அடுத்த வளையம் அரளிச் சிவப்பு 40, அடுத்தது கேந்தி மஞ்சள் 60, வெளி வளையம் 96. வெளி வளையத்துக்கு வாடாமல்லி நிறம்தான் எனக்கு ஆசை, ஆனால் அந்த ஊதா சாதாரணப் பெட்டிகளில் நாலைந்து துண்டுக்கு மேல் இருக்காது, பச்சையில் போடுங்கள். இந்த எண்ணிக்கை எல்லாம் 1×1 கணக்கு, அதாவது ஒரு குமிழுக்கு ஒரு துண்டு. பக்கத்தில் பக்கத்தில் ஒரே நிறம் வரும் இடத்தில் 1×2, 2×2 போட்டால் பாதிக்கும் கீழே குறையும். ஓரத்துக்கு மட்டும் 1×1 வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய துண்டு போடச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. பிராண்டு இல்லாத மலிவுக் கட்டைகளில் ஒவ்வொரு துண்டும் நூலளவு பெரிதாக இருந்தாலும், முப்பது துண்டு நெருக்கி உட்காரும்போது அந்த நூலெல்லாம் சேர்ந்து தகட்டையே வளைத்துவிடும், என்னுடையது ஒன்று காய்ந்த வாழை இலை மாதிரி சுருண்டது. பெட்டியாக வாங்கும் முன் பத்துத் துண்டு வாங்கி உங்கள் பேஸ்பிளேட்டில் நெருக்கிப் பொருத்திப் பாருங்கள்.

32 தகட்டின் நடுவில் இந்த வட்டத்தை வைத்தால் நான்கு பக்கமும் 8 குமிழ் மிஞ்சும். இங்கே ஒன்று கவனியுங்கள்: 32 இரட்டைப்படை, அதனால் தகட்டுக்கு நடுக்குமிழ் என்று ஒன்று கிடையாது, நடுவில் நான்கு குமிழ் சேர்ந்து நிற்கும். மேலே சொன்ன வட்டங்கள் எல்லாம் இரட்டைப்படை என்பதால் பொருந்தும். ஒற்றைப் புள்ளியில் தொடங்கும் கோலத்தை எடுத்தால் ஒரு குமிழ் ஏதாவது ஒரு பக்கம் தள்ளிப்போய்விடும், பலர் கடைசி வரிசையில் வந்துதான் தலையில் கை வைப்பார்கள். இடைப்புள்ளிக் கோலம் வேண்டுமென்றால் ஒரு குமிழ் விட்டு ஒரு குமிழ் வைத்து, அடுத்த வரிசையில் ஒன்று தள்ளித் தொடங்குங்கள்.

என்னைக் கேட்டால், அந்த மிச்ச 8 குமிழில் ஓரக்கட்டாக தோவாளை மாணிக்கமாலையைப் போடுங்கள். 2025-இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதுதான். அரளியையும் நொச்சி இலையையும் மடித்து வைத்துத் தட்டையாக, பாய் மாதிரி கட்டுகிற மாலை. வளைவுக்கு வேலையே இல்லாத கட்டம். சிவப்பு, வெள்ளை, பச்சை மூன்றே நிறம். கட்டைக்கென்றே பிறந்த வடிவம். உண்மையில் அத்தப்பூவை விட இது சீக்கிரம் முடியும், பார்க்கவும் நன்றாக இருக்கும், ஆனால் எட்டு வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

மகள் இதில் தேறிவிட்டால் அடுத்த விளையாட்டு, 1×1 சரிவுத் துண்டுகள், சீஸ் ஸ்லோப் என்பார்கள். அவற்றைக் குமிழில் பொருத்தாமல், சட்டம் கட்டி அதற்குள் பக்கவாட்டில் படுக்க வைத்து அடுக்கினால் முக்கோணங்களாக நட்சத்திரம், இதழ் எல்லாம் வரும், மாணிக்கமாலையின் மடிப்பு அச்சாகக் கிடைக்கும். ஆனால் அதைப் பிடித்து நிறுத்துவது சட்டத்தின் இறுக்கம் மட்டும்தான், ஆகவே மேசை மேல் தட்டில் வைத்துச் செய்யுங்கள். சுவருக்கு வேண்டாம்.

மாட்டுவது பற்றி. பேஸ்பிளேட் மெல்லிசு, தனியாகத் தொங்கவிட்டால் நடுவில் தொய்ந்து துண்டு கழலும். பின்னால் பலகை வேண்டும். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, சுவர் வியர்க்கும், சாதா பிளைவுட் ஒரே மழைக்காலத்தில் உப்பிவிடும். பிவிசி ஃபோம் ஷீட்டை அளவுக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். குளச்சல், முட்டம் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் திருகாணியை மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போடுங்கள், கட்டைக்கு உப்புக்காற்று ஒன்றும் செய்யாது. வெயில் செய்யும். ஜன்னல் வெளிச்சம் நேராக விழும் சுவரில் மாட்டினால் முதலில் பழுப்பேறுவது நடுவில் இருக்கிற அந்தத் தும்பை வெள்ளைதான்.