சிறு ட்ரவுட்டுக்கு எந்தத் தூண்டில்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சிற்றோடையில் சாண் நீள ட்ரவுட் (குளிர்ந்த நன்னீரில் வாழும் மீன்) பிடிப்பதற்கு ஃப்ளை தூண்டில், அதாவது பூச்சி போலக் கட்டிய செயற்கை இரையை வீசும் தூண்டில், வாங்க விரும்புகிறேன். கையில் பணம் குறைவு. கடையில் ‘எல்லா மீனுக்கும் ஏற்றது’ என்று 9 அடி நீளமுள்ள 6ஆம் எண் கோலைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நான் முதன்முதலில் வாங்கியதும் அப்படிப்பட்ட கோல்தான். எனக்கும் அதே வாக்கியத்தைச் சொல்லித்தான் விற்றார்கள். கிளைகள் தாழ்ந்து கவிந்திருக்கும் ஓடையில் அவ்வளவு நீளமான கோலை வீச இடமில்லை. அந்த எண்ணுக்குரிய கனத்த லைன் (பூச்சுள்ள தூண்டில் கயிறு) விழுந்த அதிர்விலேயே ஆழமற்ற நீரிலிருந்த மீன்கள் கலைந்து ஓடின. அபூர்வமாக மாட்டிய சிறு மீனின் துடிப்பும் அந்த முரட்டுக் கோல் வழியாகக் கைக்கு வந்து சேரவில்லை. இரண்டு பருவங்களை அப்படி இழந்தேன். உங்களுக்கு வேண்டியது ஏழரை முதல் எட்டு அடி நீளமும், 3 அல்லது 4 என்ற எண்ணும் (கோலுக்கு ஏற்ற லைனின் எடையைக் குறிப்பது), நடுப்பகுதிவரை இளகி வளையும் தன்மையும் உள்ள கோல். கரையில் மரங்கள் இல்லையென்றால் எட்டரை அடி வரை போகலாம்.

பணத்தைப் பங்கிடும்போது கோலுக்கும் லைனுக்கும் பெரும்பகுதியை ஒதுக்குங்கள். ரீலுக்கு மிஞ்சியதைக் கொடுத்தால் போதும். மற்றத் தூண்டில் முறைகளில் இரையின் எடையோ ஈயக்குண்டின் எடையோ நூலை இழுத்துச் செல்கிறது. இங்கே இறகும் மயிரும் வைத்துக் கட்டிய ஃப்ளைக்குச் சொல்லத்தக்க எடை எதுவும் இல்லை என்பதால், லைனின் எடைதான் கோலை வளைத்து, ஃப்ளையையும் தன்னோடு கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ரீலோ, சாண் நீள மீனைப் பொறுத்தவரை, லைனைச் சுற்றி வைக்கும் உருளை மட்டுமே. மீனை நீங்கள் லைனைக் கையால் இழுத்தே கரை சேர்ப்பீர்கள்.

கேள்வி: விலையுயர்ந்த, அடைப்புத் தடை (நீர் புகாதபடி மூடிய பிரேக்) கொண்ட ரீலை வாங்கிவிட்டேன். லைனுக்குப் பணம் இல்லை. சாதாரண நைலான் நரம்பைச் சுற்றி ஃப்ளை வீச முடியுமா?

பதில்: முடியாது. ரீல் இன்னும் பெட்டியில் இருந்தால் இன்றே திருப்பிக் கொடுத்துவிட்டு லைன் வாங்குங்கள். எதற்காக வாங்குகிறோம் என்று ஒரு மணி நேரம் படித்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

கேள்வி: ஒரு கோலில் ‘ஐஎம்6’ என்றும், விலை கூடிய இன்னொன்றில் ‘ஐஎம்8’ என்றும் எழுதியிருக்கிறது. எண் கூடினால் தரமும் கூடுமா?

பதில்: அவை கார்பன் இழை தயாரிக்கும் நிறுவனமொன்றின் இழை வகைப் பெயர்கள், கோலின் தரத்தை அளக்கும் அளவுகோல் அல்ல. அந்த எழுத்துகளுக்காகக் கூடுதலாக எதுவும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 4ஆம் எண் கோலுக்கு, ‘4’ என்று அச்சிட்ட பெட்டியில் மிதக்கும் லைன் வாங்கினேன். லைனைச் சற்றுக் கூடுதலாக வெளியே விட்டதும் கோல் துவண்டுவிடுகிறது. கடைக்காரர் என் வீச்சுதான் பிழை என்கிறார். ஐயத்தில் முதல் 30 அடியைச் சுருட்டிச் சிறு தராசில் வைத்தேன், 9.2 கிராம் காட்டியது. இது சரியா?

பதில்: சரியல்ல. பிழை உங்கள் கையிலும் இல்லை. இவ்வளவு கவனமாகச் சோதித்த பிறகும் உங்கள் மீதே பழி போடப்பட்டது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பட்டு லைன்கள் இருந்த காலத்தில் லைனின் தடிமனை எழுத்துகளால் குறித்தார்கள். பொருள் ஒன்றே என்பதால் தடிமனைச் சொன்னால் எடையும் தெரிந்தது. செயற்கைப் பூச்சு லைன்கள் வந்த பின் ஒரே தடிமனில் வெவ்வேறு எடைகள் வந்தன. ஆகவே நுனியிலுள்ள சீரான சிறு துண்டை நீக்கி, அடுத்த 30 அடியின், அதாவது 9.14 மீட்டரின், எடையைக் கொண்டு எண் இடும் முறை ஏற்பட்டது. அதன்படி 3ஆம் எண் 100 கிரெயின், 4ஆம் எண் 120, 5ஆம் எண் 140. கிராமில் சொன்னால் 6.5, 7.8, 9.1. நான்காம் எண்ணுக்கு 114 முதல் 126 கிரெயின் வரை, சுமார் 7.4 முதல் 8.2 கிராம் வரை, ஏற்கத்தக்கது. உங்களிடம் இருப்பது ஐந்தாம் எண் லைன்.

விறைப்பான கோல்களைச் சுலபமாக வளைக்கவேண்டும் என்பதற்காகத் தயாரிப்பாளர்கள் சிலர் லைனை அரை எண்ணோ ஒரு எண்ணோ கனமாக்குகிறார்கள். அதில் பயன் இருக்கலாம்; சிற்றோடையில் 15 அடி லைன் மட்டுமே வெளியே இருக்கும்போது குறித்த எடையில் பாதிகூடக் கோலின் மீது ஏறாததால், கனத்த லைன் உதவவும் கூடும். நான் கோபப்படுவது அதைப் பெட்டியில் சொல்லாமல் விடுவதைக் குறித்து. பெட்டியின் எண்ணை மட்டும் நம்பிக் காசைக் கொடுக்கும் எளிய மனிதருக்கு, இன்னொரு லைனை வாங்கி ஒப்பிடும் வசதி ஏது? முதல் 30 அடியின் எடையைக் கிராமில் அச்சிட ஒரு வரி போதும். அதை அச்சிடுபவர்களிடம் மட்டும் வாங்குங்கள். உங்கள் லைனை, தராசு காட்டும் எடையோடு படமெடுத்து, எழுத்து மூலமாக மாற்றித் தரக் கேளுங்கள். பொருள் அதன் மேலுள்ள குறிப்போடு பொருந்தவில்லை என்பதே உங்கள் வாதமாக இருக்கட்டும், வீச்சைப் பற்றிய விவாதத்துக்குள் போகவேண்டாம்.

கேள்வி: கோல், ரீல், லைன், ஃப்ளைகள் எல்லாம் ஒரே பையில் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

பதில்: லைனின் எண்ணும் வகையும் பையில் எழுதப்பட்டிருந்தால் வாங்கலாம், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பழைய கோலொன்றை ஒரே ஒரு படத்தைப் பார்த்து வாங்கினேன். வந்ததும் பார்த்தால் ஒரு பொருத்தின் (கோலின் துண்டுகள் ஒன்றோடொன்று இணையும் இடம்) வாயில் விரிசல். விற்றவர் ‘பார்த்துத்தானே வாங்கினீர்கள்’ என்கிறார்.

பதில்: விரிசலை மறைத்து விற்றது தவறு; பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு. ஆனால் பொருத்துகளை அருகில் காட்டும் படத்தைக் கேட்காமல் பணம் அனுப்பியதற்கு நீங்களும் பொறுப்பாளர். நானும் ஒருமுறை பழைய கோல் வாங்கி ஏமாந்திருக்கிறேன்: நுனி முறிந்த கோலின் முறிவைச் சீவி, நுனி வளையத்தை மீண்டும் ஒட்டி விற்றுவிட்டார்கள்; வீசும்போது நுனி விறைப்பாக இருப்பது ஏனென்று பல நாள் புரியாமல், பிறகு அளந்தபோது நான்கு விரல் நீளம் குறைந்திருந்தது. அடிப்பகுதியில் எழுதியுள்ள நீளமும், கோலைப் பூட்டி அளந்த நீளமும் ஒன்றா என்று முதலில் கேளுங்கள். பூட்டிய பொருத்துகள் ஆடுகின்றனவா, ஒவ்வொரு வளையத்தின் வழியாகவும் இழுத்த பஞ்சு எங்கும் சிக்காமல் வருகிறதா என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்கவேண்டாம்.

கேள்வி: லீடரின் (லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நரம்பு) நுனியில் கட்டும் டிப்பெட்டுக்கு (ஃப்ளையைக் கட்டும் கடைசித் துண்டு) விலை கூடிய ஃப்ளூரோகார்பன் அவசியமா?

பதில்: இல்லை. மிதக்கும் ஃப்ளைக்கு நைலானே நல்லது. ஃப்ளூரோகார்பன் அதைவிட அடர்த்தியானது, மூழ்கும். ஏழரை அடி லீடரும் 5எக்ஸ் டிப்பெட்டும் போதும். 5எக்ஸ் என்பது 0.15 மில்லிமீட்டர் தடிமன். அதே தடிமனுள்ள சாதாரண நைலான் நரம்பு வீட்டில் இருந்தால் அதையே கட்டுங்கள்.

கேள்வி: இருபுறமும் ஒரேபோல் மெலியும் லைனை வாங்கினேன். முன்பகுதி பிசுபிசுத்து மிதக்க மறுக்கிறது. புதிதாக வாங்கவேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பிட்டுக் கழுவித் துடைத்துப் பாருங்கள். பூச்சி விரட்டி மருந்து தடவிய கையால் லைனைத் தொட்டால் அதன் பூச்சு கெடும் என்பதால் அதையும் நிறுத்துங்கள். பூச்சில் விரிசல் விட்டிருந்தால், லைனை முழுவதும் அவிழ்த்துத் தலைகீழாக மாற்றிச் சுற்றுங்கள். இத்தனை நாள் ரீலுக்குள் இருந்த மறுமுனை புதிதாகவே இருக்கும்.