தேன்கூட்டு அட்டை வைத்தும் கடம் உடைவது குறித்து

வணக்கம் ஐயா. மானாமதுரைக் கடங்களைத் தேன்கூட்டு அட்டை வைத்துக் கட்டி அனுப்பியும், போய்ச் சேரும்போது விரிசல் விட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள்.

அட்டையின் அறுகோண அறைகள் நசுங்கும்போதுதான் மோதலின் ஆற்றல் செலவாகிறது. ஆகவே, கடத்தின் சுவர் தாங்கும் விசையைவிடக் குறைந்த விசையிலேயே அவை நசுங்கியாக வேண்டும். கடம் உடைந்தும் அட்டை நசுங்காமல் இருந்தால், அது தேவைக்கு மீறிய உறுதி கொண்டது என்று பொருள். அறைகள் பெரிதாகவும் தாள் மெல்லியதாகவும் உள்ள அட்டைக்கு மாறுங்கள். மாறாக, அட்டை முற்றிலும் தட்டையாகியிருந்தால் அதன் தடிமன் போதவில்லை. நசுங்கத் தொடங்கும் கணத்தில் விசை ஓர் உச்சத்தைத் தொட்டே பின்னர் தணியும் என்பதால், கட்டுவதற்கு முன்பே அட்டையைப் பலகையால் சீராக அழுத்திச் சிறிதளவு நசுக்கிவிடுவது மிகவும் பயன் தரும்.

உயரத்திலிருந்து விழும் பம்பளிமாசுப் பழத்தைக் காப்பதும் அதன் தடித்த தோலிலுள்ள எண்ணற்ற காற்றறைகளே. உருண்டையான கடம் தட்டையான அட்டையில் ஒரே புள்ளியில் அழுந்தாதபடி, இடையில் தென்னை நாரைத் தளர்வாக நிரப்புங்கள். மோதலில் ஒருமுறை நசுங்கிய அட்டை மறுபடி உதவாது.